நம்ம செம்பனை எண்ணெய் கப்பலுக்கு எரிபொருள் ஆகுமா?

செம்மண்சாலை | ஞாயிறு, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவில், பந்திங்கில் படிவம் 6 படிக்கிறேன். வீடு கேரித்தீவில், எஸ்டேட்டுக்குள்ளேயே இருக்கிறது. வாசலில் நின்றால் செம்பனையைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆனால் அப்பாவோடு மோட்டாரில் ஆற்றோரம் போனால் அக்கரையில் பூலாவ் இண்டா துறைமுகத்தின் பளுதூக்கிகள் வரிசையாக நிற்பது தெரியும். சில நாள் அந்தப் பக்கக் காற்றில் எரிந்த எண்ணெய் வாடை வரும்.

கப்பல் போக்குவரத்தால் வரும் மாசை எப்படிக் குறைக்கலாம் என்று பள்ளியில் பேச வேண்டும். அப்பாவிடம் கேட்டேன். "நம்ம செம்பனை எண்ணெயை ஊத்தி ஓட்டச் சொல்லு, புகையும் குறையும், குலைக்கும் நல்ல விலை கிடைக்கும்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உண்மையிலேயே முடியுமா? கப்பலில் வேலை செய்யும் அண்ணன்கள் இங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

டிரெய்லர்மணி | ஞாயிறு, இரவு 9.40

தங்கச்சி, 11 வருஷமாகக் கொள்கலன் டிரெய்லர் ஓட்டுகிறேன். எல்லாரும் கப்பலைத் திட்டுகிறார்கள், எனக்கு அது நியாயமாகப் படவில்லை. உலகச் சரக்கில் 80 விழுக்காட்டுக்கு மேல் கடல் வழியாகத்தான் போகிறது. உலகத்தைச் சூடாக்கும் வாயுவில் கப்பலின் பங்கு சுமார் 3 விழுக்காடு. இங்கிருந்து ஈப்போவுக்கு நான் ஒரு பெட்டியை இழுக்க எரிக்கும் டீசலில், பெரிய கப்பலாக இருந்தால் அதே பெட்டியைச் சென்னை வரைக்கும் கொண்டு போய்விடும். துறைமுக வாசலில் நாங்கள் இன்ஜினை நிறுத்தாமல் மணிக்கணக்கில் நிற்கிறோமே, முதலில் அதைச் சரி செய்யட்டும்.

கடல்காகம் | திங்கள், காலை 6.05

மணி அண்ணே சொல்வது சரி. ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் நகர்த்த கப்பலைவிடக் குறைவாக எரிப்பது எதுவும் இல்லை. ஆனால் அந்த 3 விழுக்காடு சின்னக் கணக்கு இல்லை அண்ணே. 2018இல் கப்பல்கள் விட்டது 105 கோடி டன் கரியமிலவாயு. கப்பல்களை எல்லாம் சேர்த்து ஒரு நாடாக எண்ணினால் ஜெர்மனிக்கு மேலே வரும். அடுத்து, எதை எரிக்கிறோம் என்பது. அதை நான் கையால் தொட்டவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நானும் எஸ்டேட் பிள்ளைதான். இப்போது எண்ணெய்க் கப்பலில் இரண்டாம் இன்ஜினியர், விடுமுறையில் வீட்டில் இருக்கிறேன். கப்பலுக்கு ஊற்றுவது சுத்திகரிப்பு ஆலையில் பெட்ரோலும் டீசலும் எடுத்த பிறகு அடியில் தங்கும் கசடு. ஆறினால் தார் மாதிரி இறுகிவிடும். இன்ஜினுக்குள் பீய்ச்சும் முன் 130 டிகிரி வரை சூடாக்க வேண்டும். அதற்கு முன்னால் பியூரிஃபையரில் சுற்றித் தண்ணீரையும் மண்ணையும் பிரிக்க வேண்டும். முதல் கப்பலில் அந்தப் பியூரிஃபையரைத் திறந்து வழிப்பதுதான் என் வேலை. கையுறையையும் தாண்டி நகக்கண்ணில் இறங்கிய கறுப்பு மூன்று நாள் போகவில்லை. சோற்றில் கை வைக்கவே கூசியது. உலகமே வாங்குகிற சாமான் எல்லாம் இதை எரித்துத்தான் வருகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

2020 ஜனவரி 1 வரை அந்த எண்ணெயில் கந்தகம் 3.5 விழுக்காடு வரை இருக்கலாம் என்று விதி. அன்றிலிருந்து 0.5. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ. கொண்டுவந்த மாற்றங்களில் கரையோரத்தில் வாழும் மக்களின் நெஞ்சுக்கு உடனே பலன் தந்தது அதுதான்.

இப்போது தங்கச்சியின் கேள்வி. முடியுமா என்றால், முடியும். இன்ஜின் ஓடும். போதுமா என்றால், போதாது. 5,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் மட்டும் வருஷத்துக்கு 20 கோடி டன்னுக்கு மேல் எரிபொருள் குடிக்கின்றன. மலேசியா முழுக்க எல்லா ஆலையும் சேர்ந்து பிழியும் செம்பனை எண்ணெய் ஏறக்குறைய 2 கோடி டன். சமையலுக்கு ஒரு சொட்டு வைக்காமல் கொடுத்தாலும் பத்தில் ஒரு பங்குகூட வராது. மிச்சத்துக்கு எந்தக் காட்டை வெட்டுவது? அப்பாவிடம் இந்த ஒரு கணக்கைக் காட்டுங்கள்.

ஐரோப்பாவும் இதை ஏற்கவில்லை. அங்குள்ள துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களுக்கு 2025 ஜனவரி 1 முதல் ஓர் எரிபொருள் விதி வந்திருக்கிறது. உணவுப் பயிரிலிருந்து எடுத்த எண்ணெய்க்கு அதில் எந்தச் சலுகையும் இல்லை, சாதாரணக் கப்பல் எண்ணெய் மாதிரிதான் கணக்கு. பழைய சமையல் எண்ணெய்க்குச் சலுகை உண்டு. கழிவிலிருந்து எடுப்பதற்கும் உண்டு.

செம்மண்சாலை | திங்கள், மாலை 4.30

நன்றி அண்ணே. கணக்கை அப்பாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "புகையைக் கழுவுறாங்களாமே, அது என்ன?" என்று கேட்கச் சொன்னார்.

கடல்காகம் | திங்கள், மாலை 5.10

ஸ்கிரப்பர். மலிவான பழைய கந்தக எண்ணெயையே எரித்துக்கொண்டு, புகைபோக்கியில் கடல் தண்ணீரைத் தெளித்துக் கந்தகத்தைக் கழுவிவிடுவார்கள். விதி அதை அனுமதிக்கிறது. ஆனால் திறந்த வகை ஸ்கிரப்பரில் கழுவின தண்ணீர் திரும்பக் கடலுக்கே போகிறது, அமிலத்தோடும் உலோகத்தோடும். வானத்தில் போக வேண்டிய அழுக்கு மீன் குஞ்சு பொரிக்கும் இடத்துக்கு வருகிறது. மலேசியா தன் 12 கடல் மைல் எல்லைக்குள் அந்தத் தண்ணீரை விடக்கூடாது என்று தடுத்துவிட்டது. நல்ல காரியம். கிள்ளான் துறைமுகத்தை நெருங்கும்போது எண்ணெயை மாற்றுகிறார்கள், அல்லது கழுவின தண்ணீரைக் கப்பலிலேயே வைத்துக்கொள்ளும் மூடிய முறைக்குப் போகிறார்கள்.

பால்வாளி | திங்கள், இரவு 8.20

தம்பி, நான் ஆலையில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதற்கு முன் சின்ன வயதில் அம்மாவோடு பால்மரம் வெட்டினேன். என் அப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். கப்பல் என்றாலே எங்கள் வீட்டில் ஒரு மரியாதை உண்டு.

கழிவிலிருந்து எடுக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்களே, எங்கள் ஆலைக் குளத்தை நினைத்துக்கொண்டேன். குலையை அவித்துப் பிழிந்த பிறகு வரும் கழிவுத் தண்ணீரைப் பெரிய குளங்களில் விடுவோம். மேலே பழுப்பு ஆடை படர்ந்திருக்கும். ராத்திரி ஷிப்டில் எல்லாம் அடங்கின பிறகு கரையில் நின்றால் குளம் கொதிக்கிற மாதிரி சத்தம் கேட்கும். சின்னச் சின்னக் கொப்புளம், இடைவிடாமல். நெருப்புக்குச்சி கிழிக்காதே என்று மண்டோர் சொல்வார். அது அத்தனையும் காற்றில்தான் போனது. அதைப் பிடித்துக் கப்பலுக்குக் கொடுக்க முடியாதா?

கடல்காகம் | திங்கள், இரவு 9.55

ஐயா, இந்த இழையில் வந்த சிறந்த யோசனை இதுதான். அந்தக் கொப்புளம் மீத்தேன். நூறு வருஷக் கணக்கில் பார்த்தால் கரியமிலவாயுவைப் போல 28 மடங்கு சூடாக்கும். குளத்தை மூடிப் பிடித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகள் நம் நாட்டில் இருக்கின்றன. அதே வாயுவிலிருந்து மெத்தனால் என்ற திரவ எரிபொருளும் செய்யலாம். 2023இல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் "லாரா மெர்ஸ்க்" கொரியாவின் உல்சானிலிருந்து டென்மார்க்குக்கு அப்படிப்பட்ட மெத்தனாலில்தான் போனது. மெத்தனாலில் ஓடிய முதல் கொள்கலன் கப்பல் அது. 2,100 பெட்டி ஏற்றும் சின்னக் கப்பல்தான். அடுத்த வருஷமே 16,000 பெட்டிக் கப்பல் வந்துவிட்டது.

இடைஞ்சலும் உண்டு. மெத்தனாலில் சக்தி குறைவு, அதாவது அதே தூரத்துக்கு எண்ணெயைவிட இரண்டு மடங்குக்கு மேல் தொட்டியில் வைத்திருக்க வேண்டும். ஆலைகள் ஒவ்வொன்றும் ஒரு மூலையில் கிடக்கின்றன, ஒரு குளத்து வாயுவுக்காக யாரும் தொழிற்சாலை கட்டமாட்டார்கள். சேர்த்துக் கொண்டுவர வழி வேண்டும். ஆனால் புதிதாக ஒரு மரமும் வெட்ட வேண்டியதில்லை. செம்மண்சாலை, அப்பாவின் ஆசையில் பாதி இப்படி நிறைவேறலாம் என்று சொல்லுங்கள்.

காப்பார்க்காரி | செவ்வாய், காலை 10.15

நான் காப்பாரில் இருக்கிறேன். கப்பலைத் துறையில் கட்டினதும் இன்ஜினை அணைத்துவிட்டுக் கரையிலிருந்து மின்சாரம் எடுத்தால் போதும் என்று போன மாதம் ஒரு கூட்டத்தில் பேசினார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குத் தட்ட மனசு வரவில்லை. கரை மின்சாரம் எங்கிருந்து வருகிறது? என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் மின்நிலையத்தின் நிலக்கரிப் புகைபோக்கியிலிருந்து. துணி காயப்போட்டு எடுத்தால் விரலில் கறுப்பு ஒட்டுகிற காலம் எங்களுக்கு இருந்தது. கப்பல் புகையை எங்கள் தலைக்கு மாற்றுவதற்குப் பசுமை என்று பெயரா?

கடல்காகம் | செவ்வாய், பகல் 12.40

அக்கா, உங்கள் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை என்றாலும் ஒன்று சொல்ல வேண்டும். துறைக்கு வந்த கப்பல் சும்மா நிற்பதில்லை. விளக்கு, பம்பு, குளிர்பெட்டி எல்லாவற்றுக்கும் ஜெனரேட்டர் இரவு பகலாக ஓடும். அந்தப் புகைபோக்கி தாழ்வானது, வடிகட்டியும் கிடையாது. துறைமுகத் தொழிலாளியும் மணி அண்ணன் மாதிரி வரிசையில் நிற்பவரும் நேராக மூச்சில் இழுக்கிறார்கள். மின்நிலையத்தில் உயரமான புகைபோக்கி, சாம்பல் பிடிக்கும் கருவி, கண்காணிப்பு எல்லாம் இருக்கும். அந்த அளவுக்கு லாபம். சூடாக்கும் வாயுவைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதுதான் சரி. நிலக்கரி இருக்கும்வரை பெரிய மிச்சம் இல்லை. இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும், கரை மின்சாரமும் வேண்டும், அது சூரிய ஒளியிலிருந்தும் வர வேண்டும் என்று.

காப்பார்க்காரி | செவ்வாய், பகல் 1.02

சேர்த்துக் கேட்டால் நானும் கை தட்டுவேன்.

பிசாங்கோரேங்கடை | செவ்வாய், மாலை 6.30

பழைய எண்ணெய் பற்றிச் சொன்னதால் வந்தேன். சந்தைப் பக்கம் பிசாங் கோரேங், வடை போடும் கடை எங்களுடையது. முன்பெல்லாம் பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன், இப்போது டின்னில் சேர்த்து வைத்தால் ஆள் வந்து காசு கொடுத்து எடுத்துப் போகிறார். நல்லதுதான். ஆனால் ஒரு பயம். பாக்கெட் எண்ணெய் ஒரு கிலோ மானியத்தில் 2 வெள்ளி 50 காசு. பழைய எண்ணெய்க்கு அதைவிட அதிகம் கொடுத்தால், புது எண்ணெயையே பழையதென்று விற்க ஆள் இருப்பான். அப்புறம் கடையில் பாக்கெட் கிடைக்காது, ஏழை வீட்டு அடுப்பு என்னாவது? கப்பல் சுத்தமாவதற்கு அந்த விலை கொடுக்கக்கூடாது. எடுத்துப் போகிறவர் எந்தக் கடையில் எத்தனை கிலோ எடுத்தார் என்று எழுதி வைக்க வேண்டும், அதை யாராவது சரிபார்க்க வேண்டும்.

கடல்காகம் | செவ்வாய், இரவு 10.20

அக்கா சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். சிங்கப்பூரில் பி24 என்று 24 விழுக்காடு உயிரி எண்ணெய் கலந்த கப்பல் எரிபொருள் விற்கிறார்கள். அந்த உயிரிப் பங்குக்குப் பழைய சமையல் எண்ணெய்தான் முக்கியச் சரக்கு. கணக்குச் சுத்தமாக இல்லாவிட்டால் எரிபொருளும் சுத்தம் இல்லை.

விதி மட்டும் போதாது என்பதற்கு என் கதை ஒன்று. எந்தக் கப்பல், எந்த நிறுவனம் என்று சொல்லமாட்டேன். இன்ஜின் அறையின் அடியில் சேரும் எண்ணெய்த் தண்ணீரைப் பிரித்து, பத்து லட்சத்தில் 15 பங்குக்குக் கீழே எண்ணெய் இருந்தால்தான் கடலில் விடலாம். அந்தக் கருவி பழுதாகி இருந்தது. உதிரிப்பாகம் கேட்டு எழுதினார்கள், வரவில்லை. ஒரு ராத்திரி அப்போது பயிற்சியில் இருந்த என்னையும் இன்னொருவனையும் கூப்பிட்டு, கருவியைத் தாண்டி ஒரு குழாயைப் போல்ட் போட்டு இணைக்கச் சொன்னார்கள். ஸ்பேனரைப் பிடித்தது என் கை. விடியும்போது மேல்தளத்தில் போய்ப் பார்த்தேன். கப்பலின் பின்னால் தண்ணீர் மேல் நீலமும் ஊதாவுமாக ஒரு பட்டை, கண்ணுக்கு எட்டும் தூரம் வரை. இன்றைக்கும் அந்த நிறத்தை ஈரமான பெட்ரோல் நிலையத் தரையில் பார்த்தால் வயிறு புரட்டுகிறது. இப்போது நான் வேலை செய்யும் கப்பலில் அந்தக் குழாய் முனைகள் எல்லாவற்றுக்கும் எண் போட்ட முத்திரை. உடைத்தால் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். முத்திரைகளை நானே போய் எண்ணுவேன், யார் சொல்லாவிட்டாலும்.

செம்மண்சாலை | புதன், மாலை 3.50

படித்துவிட்டு மனசு கனத்துவிட்டது அண்ணே. எழுதினதற்கு நன்றி. நீங்கள் ஏற்றிப்போவது செம்பனை எண்ணெய்தானே? அது சிந்தினால் ஒன்றும் ஆகாதா, சாப்பிடுகிற பொருள்தானே?

கடல்காகம் | புதன், மாலை 5.25

அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன். வழியில் இறுகாமல் தொட்டியைச் சூடாக வைத்திருப்போம், இறக்கும்போது 50 டிகிரிக்கு மேல் ஏற்றுவோம். இறக்கி முடித்தாலும் சுவரில் வெள்ளையாகப் படிந்திருக்கும், மெழுகுவத்தி உருகி ஒட்டின மாதிரி. அதை வெந்நீரில் கழுவுவோம். அந்தத் தண்ணீரைக் கரையிலிருந்து 12 மைலுக்கு அப்பால் விடலாம் என்பது பொது விதி. குளிர்ந்த கடலில் அது கட்டி கட்டியாக மிதந்து கரை ஒதுங்கும். நாயும் பறவையும் தின்னும். அதனால் 2021 ஜனவரி 1 முதல் வட, மேற்கு ஐரோப்பியக் கடல்களில் இப்படி இறுகும் சரக்கை இறக்கினால் துறைமுகத்திலேயே முதல் கழுவல் செய்து அந்தத் தண்ணீரைக் கரையில் ஒப்படைக்க வேண்டும். நம் மலாக்கா நீரிணைக்கு அந்த விதி இல்லை. செம்பனை எண்ணெய் புறப்படும் கடலே இதுதான். இங்கே அந்த விதி வர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

2017 ஆகஸ்டில் ஹாங்காங் அருகே இரண்டு கப்பல் மோதி, செம்பனை எண்ணெயின் கெட்டிப் பகுதியான ஸ்டியரின் கொட்டி, கடற்கரைகளையே மூட வேண்டி வந்தது. மணலெல்லாம் வெள்ளைக் கட்டிகள். சாப்பிடுகிற பொருள்தான்.

நங்கூரம்77 | புதன், இரவு 9.00

நான் கிள்ளானில் கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் இருக்கிறேன். எரிபொருளை மாற்றுவது பற்றியே எல்லாரும் பேசுகிறீர்கள். நான் தினமும் பார்ப்பது வேறு. எண்ணெய்க் கப்பல்களும் மொத்தச் சரக்குக் கப்பல்களும் பெரும்பாலும் முந்தி வந்தவருக்கு முந்தி இடம் என்ற கணக்கில் வரிசை பிடிக்கின்றன. கப்பல் வந்து சேர்ந்து "தயார்" என்று அறிவித்த பிறகுதான் சரக்கை ஏற்றி இறக்க ஒதுக்கிய நேரம் ஓடத் தொடங்கும். தாமதமானால் வாடகைக்கு எடுத்தவர் காசு கட்ட வேண்டும். அதனால் இடம் இல்லை என்று தெரிந்தும் முழு வேகத்தில் ஓடி வருவார்கள். வந்து நங்கூரம் போட்டு நாள்கணக்கில் கிடப்பார்கள். கேப்டனிடம் "மெதுவாக வாங்க, வியாழன்தான் இடம்" என்று சொன்னதற்கு எனக்கு மேலிடத்தில் திட்டு விழுந்தது. ஒப்பந்தத்தில் தாமதமின்றி வர வேண்டும் என்று இருக்கிறதாம்.

டிரெய்லர்மணி | புதன், இரவு 9.30

இது எங்கள் கேட் வரிசை மாதிரியே இருக்கிறதே. முந்திப் போனால் முந்தி நம்பர் என்று காலை நாலு மணிக்கே கிளம்புவோம், போய்ச் சும்மா நிற்போம். நேரம் ஒதுக்கிக் கொடுத்த நாளில் இருந்து எனக்கு வாரத்துக்கு எவ்வளவு டீசல் மிச்சம் தெரியுமா?

கடல்காகம் | புதன், இரவு 10.45

நங்கூரம் அக்கா, நான் சொல்ல நினைத்ததே இதுதான். வேகம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் இன்ஜினுக்கு வேண்டிய சக்தி கால் பங்குக்கு மேல் குறையும். பயணம் நீளும், அதையும் சேர்த்துப் பார்த்தாலும் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். புது எரிபொருள் வேண்டாம், புதுக் கப்பல் வேண்டாம், எந்த எஸ்டேட்டும் வேண்டாம். அடிப்பாகத்தில் படியும் பாசியும் அப்படித்தான். அரை மில்லிமீட்டர் வழுவழுப்பு பாதி அடிப்பாகத்தில் படர்ந்தாலே சூடாக்கும் வாயு 25 முதல் 30 விழுக்காடு கூடும் என்று ஐ.எம்.ஓ. சார்ந்த ஆய்வு சொல்கிறது. துடைத்தால் போதும்.

ஒப்பந்தத்தை மாற்றவும் வழி இருக்கிறது. நேரத்துக்கு வந்தால் போதும் என்ற விதியை, கப்பல் நிறுவனங்களின் பன்னாட்டுச் சங்கமான பிம்கோ எழுதியே வைத்திருக்கிறது. கப்பல்காரரும் வாடகைக்காரரும் மிச்சமாகும் எண்ணெய்க் காசைப் பங்கு போட ஒத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பெரிய அரசுகளை மட்டும் நம்பி இருக்க முடியாது. 2050 வாக்கில் நிகர உமிழ்வு பூஜ்யம் என்று 2023இல் ஐ.எம்.ஓ.வில் எல்லா நாடும் ஒப்புக்கொண்டன. அதற்குக் காசும் தண்டனையும் வைக்கும் திட்டம் 2025 ஏப்ரலில் தேறியது. அக்டோபரில் முடிவெடுக்கக் கூடியபோது ஒரு வருஷம் தள்ளிவைத்துவிட்டார்கள். செய்தியைப் படித்த அன்று இன்ஜின் அறையில் யாரும் பேசிக்கொள்ளவில்லை.

செம்மண்சாலை | வெள்ளி, மாலை 5.15

இன்றைக்குப் பேசி முடித்தேன். செம்பனைக் கணக்கு, ஐயாவின் குளம், வேகக் கணக்கு மூன்றையும் சொன்னேன். ஆசிரியர் குளத்தைப் பற்றி நிறையக் கேட்டார். பால்வாளி ஐயா, ஒரு நாள் எங்கள் வகுப்புக்கு வந்து பேசுவீர்களா?

பால்வாளி | வெள்ளி, இரவு 7.40

வருகிறேன் அம்மா. சனிக்கிழமையாக இருந்தால் நல்லது. பழைய ஆலைப் படங்கள் சில இருக்கின்றன, எடுத்து வருகிறேன்.

கடல்காகம் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 7.30

கப்பலுக்குத் திரும்பிவிட்டேன். இணையம் கிடைத்ததால் எழுதுகிறேன். ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரத்தில் கிடக்கிறோம், இது மூன்றாம் நாள். சுற்றிலும் எங்களைப் போல் பதினேழு கப்பல். எண்ணிப் பார்த்தேன்.

கடைசி 1,500 கடல் மைலை 13.5 நாட், அதாவது மணிக்கு 13.5 கடல் மைல் வேகத்தில் ஓடி வந்தோம். நாளுக்கு 24 டன், மொத்தம் 111 டன். 12 நாட் வேகத்தில் வந்திருந்தால் 88 டன் போதும். 14 மணி நேரம்தான் பிந்தியிருப்போம். இடம் கிடைப்பது நாளை மாலை. 23 டன்னை, அதாவது 70 டன்னுக்கு மேல் கரியமிலவாயுவை, வரிசையில் நிற்க எரித்திருக்கிறோம். கணக்கை ஒரு தாளில் எழுதிக் கேப்டனிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு அலுவலகத்துக்கு அனுப்பும் மின்னஞ்சலில் சேர்த்துக்கொண்டார். நங்கூரம் அக்கா, எங்கள் அடுத்த துறைமுகம் கிள்ளான். எந்த நாள் இடம் என்று தெரிந்தவுடன் எனக்குச் சொல்லுங்கள், இரண்டு நாள் முன்னால் தெரிந்தாலே போதும்.

நங்கூரம்77 | ஞாயிறு, காலை 8.10

கப்பல் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள் தம்பி. இந்த முறை திட்டு விழுந்தாலும் சொல்கிறேன்.